சீகன்பால்கு ஐயரும் அவர்தம் சம்பாஷணைகளும்

நம் கலாசாலைகளிலே தர்க்க சங்கங்களுக்குக் குறைவில்லை. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதனைத் தாங்கியும் தாக்கியும் பேசுதற்கு மாணாக்கர் ஆண்டுதோறும் பழக்கப்படுகின்றனர். வென்ற பக்கத்தார் ஆரவாரிப்பர். தோற்ற பக்கத்தார் அடுத்த கூட்டத்தை எதிர்நோக்கியிருப்பர். நாவன்மைக்குப் பரிசும் உண்டு. ஆனால், பிறனொருவன் கூறுவதை அவன் கருதிய பொருளிலேயே விளங்கிக்கொள்ளுதற்கு நம்மிடையே சங்கமும் இல்லை, பரிசும் இல்லை. பலர் ஒருங்குகூடி ஒரு விஷயத்தைச் சிந்திக்க வேண்டுமாயின், பேசுந் திறத்தினும் கேட்குந் திறமே முற்பட வேண்டுவதென்பது சற்றே எண்ணிப் பார்ப்பார்க்கும் புலனாகும். தமிழிலே கேள்வி என்னும் ஒரு சொல்லே வினாவையும் குறிக்கின்றது, செவி வாயிலாகப் பெறும் அறிவையும் குறிக்கின்றது. திருவள்ளுவர் அப்பெயரால் ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அவ்விரு பொருளையும் ஒரே தொழிலாக இணைத்து நடத்திய ஒருவருடைய சரித்திரத்தை இங்கே கூறப் புகுகின்றோம்.

பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயர் என்றவுடன் தமிழ் அச்சுக்கூடமும் தமிழ்ப் புதிய ஏற்பாடும் நம் நேயர்களின் நினைவுக்கு வரும். அவற்றைப்பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். ஆதலின் அவற்றை விரைவிற் கடந்து, அவர் தமிழரோடு நடத்திய சம்பாஷணைகளிலும், அவர்களிடமிருந்து கேட்டுப் பெற்ற கடிதங்களிலுமே நாம் தங்குவோம்.

அவர் ஜெர்மானிய தேசத்திலே, சாக்ஸனி நாட்டைச் சேர்ந்த புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் தானிய வியாபாரி. இளமையிலேயே பெற்றோர் இருவரையும் இழந்தார். உடலும் எப்பொழுதும் நலிவுடையதாகவே இருந்தது. பிணியினால் படிப்புப் பன்முறை தடைப்பட்ட போதிலும், ஹாலே நகரத்துச் சர்வகலாசாலையை அடைந்து பிராங்கே என்னும் பேராசிரியரிடம் பயின்றார். அக்காலத்தில் டென்மார்க்கு தேசத்து அரசராகிய நான்காம் பிரெடரிக்கு, தம் கொடி பறந்த தரங்கம்பாடிக்கு மிஷனெரிமாரை அனுப்ப விரும்பினார். தரங்கம்பாடியோ, 1620ஆம் ஆண்டிலே தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து டேனியர் குத்தகையாகப் பெற்ற கடற்கரைப் பட்டினம். சீகன்பால்கும் அவர் நண்பர் புளூச்சோவும் அப்பணிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டனர். இருவரும் 1705ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியிற் கப்பலேறி, 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9ஆம் தேதி தரங்கம்பாடியை அடைந்தனர். இத்தேதியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். நம் வேலூரைப்பற்றிப் பேசுமிடத்து அது மீண்டும் வேண்டப்படும்.

கரை சேர்ந்தவர்களை வரவேற்பார் ஒருவருமில்லை. கோட்டைத் தலைவராகிய ஹாசியஸ் என்பவருக்கு அவர்கள் வருகை சிறிதும் விருப்பமன்று. வாணிகம் நடக்கும் ஊரில் மதப் பேச்சு நுழைந்தால் வாணிகம் கெடும் என்பது கம்பெனியாரின் அச்சம். தங்குதற்கு இடங்கூட உடனே கிடைத்திலது. இவற்றினும் பெரிய இடர் ஒன்றிருந்தது. போதிக்க வந்தவருக்குப் போதிக்கும் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. அக்கரையில் ஐரோப்பியரோடு பழகியவர்கள் சிதைந்த போர்த்துகேய பாஷை ஒன்று பேசினர். அதுவும் இவருக்குப் புதியது. ஆகவே, பேசுதற்கென்று பல்லாயிரங் காதம் கடந்து வந்த இவர், வந்த அன்றே வாய் மூடிச் செவி திறக்கக் கடமைப்பட்டார். இதனை ஒரு துன்பமாகவே அவர் எண்ணியிருக்கக்கூடும். நாமோ இதனையே அவருக்கு வாய்த்த பேறு எனக் கருதுகின்றோம். தமிழறிந்தே வந்திறங்கியிருப்பாரேல், முதல் நாளே பிரசங்கம் தொடங்கியிருக்கும். பின்னர்க் கூறப்போகும் கடிதங்களுள் ஒன்றும் தோன்றியிராது.

முதியவரான திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை அவர் தேடிப் பிடித்தார். அப்பள்ளியே சீகன்பால்கின் இல்லத்துக்கு வந்தது. இருபத்து நான்கு வயதான ஜெர்மானியர் தமிழ்ச் சிறுவரோடு தரையில் அமர்ந்து, மணலிலே விரலால் அகரம் முதலிய எழுத்துக்களை வரைந்து பழகினார். ஆசிரியருக்கு ஐரோப்பிய பாஷை தெரியாது. மாணாக்கருக்குத் தமிழ் தெரியாது. இவ்வண்ணம் எழுத்துக்கள் வந்தனவேயன்றிப் பொருள் வரவில்லை. அப்பொழுது துணைக்கு வந்தவர் அழகப்பன் என்பவர். இவர் டேனியக் கம்பெனியாரிடம் துபாஷியாக இருந்தவர். ஐரோப்பிய பாஷைகள் பல அறிந்தவர். இவர் வாயிலாகவே சொற்களின் பொருள் திறந்தது. இவ்வழகப்பன் பெயரையும் நேயர்கள் மறவாதிருப்பாராக.

அதன்பின் சீகன்பால்கு தம் நாளை வகுத்துக்கொண்ட முறை வியக்கத்தக்கது. காலையில் ஒரு மணி நேரம் முன் கற்ற சொற்களைத் திருப்பிப் பார்ப்பார். எட்டு மணி முதல் நண்பகல் வரை, முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் அருகிருக்க, முன் படியாத தமிழ்ச் சுவடிகளையே படிப்பார். புலவர் கதைகளை விரித்துரைப்பார். புதிய சொற்களை எழுத்தர் குறித்துக்கொள்வார். பிற்பகல் மூன்று மணிக்கு மீண்டும் படிப்பு. இரவில் விளக்கொளியிற் கண்ணை வருத்தாமல், எழுத்தர் ஒருவர் வாசிக்கத் தாம் கேட்டிருப்பார். பேச்சிலே பின்பற்றத்தக்க நடையுடைய நூல்களையே அவ்வேளைக்குத் தெரிந்துகொண்டனர். ஒரே நூலைப் பன்முறை கேட்பதும் உண்டு. இவர் தமிழ் கற்றது பாதி கண்ணால் என்றால், பாதி செவியால் என்க.

சுவடிகள் எளிதிற் கிடைத்தில. மறைந்த வித்துவான்களின் விதவையரிடம் எழுத்தரை அனுப்பி, அவர்கள் விற்க இசைந்த ஏடுகளை வாங்கினார். 1708ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூற்பட்டியலில், தமிழர் இயற்றியனவாக மட்டும் 119 நூல்கள் குறிக்கப்பட்டுள்ளன. திருக்குறளும் அவற்றுள் ஒன்று. அவ்வாண்டிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி என்னும் மூன்றையும் ஜெர்மன் பாஷையிற் பெயர்த்தனர். நம் பிள்ளைகள் பள்ளியில் ஒப்புவிக்கும் கொன்றைவேந்தனை மேனாட்டார்க்கு முதன்முதல் எடுத்துச் சொல்லப் புகுந்தவர், அந்நூலை மறுப்பதற்காக அனுப்பப்பட்ட ஒருவரே என்பது சிந்திக்கத்தக்கது.

தாம் வந்தபொழுது இருந்த எண்ணத்தையும் அவர் மறைத்தாரில்லை. தமிழர்க்கு முறையான இலக்கணமோ ஒழுக்க நூலோ இராதென்றும், அவர்கள் நாகரிகமற்றவர்களென்றும் தாமும் ஏனைய ஐரோப்பியரைப் போலவே கருதியிருந்ததாகவும், நூல்களைப் படித்து மக்களோடு பழகிய பின்னர் அக்கருத்து நீங்கியதாகவும் அவர் தம் தேசத்தார்க்கு எழுதினார். கற்றறிந்தோர் பலர்க்கும் இது அரிது. ஒருவன் தன் முற்கருத்தை மாற்றிக்கொள்வது ஒன்று. மாற்றிக்கொண்டதை, அதே முற்கருத்தையுடைய கூட்டத்தாரிடம் எழுதிச் சொல்வது மற்றொன்று.

இதற்கிடையே கோட்டைத் தலைவரோடு பிணக்கு முற்றியது. தமிழ் விதவை ஒருவரின் கடன் வழக்கில் அவருக்காகப் பரிந்து பேசியதனால் ஹாசியஸ் சினந்து, 1708ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சீகன்பால்கைக் கோட்டையிற் சிறை வைத்தார். நான்கு மாதம் சென்று, 1709ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் விடுவித்தார். அழகப்பனோ மிஷனெரிமாருக்கு உதவிய குற்றத்துக்காகத் தரங்கம்பாடியை விட்டே வெளியேற்றப்பட்டார். சிறையிருந்த ஜெர்மானியரின் பெயர் எல்லாச் சரித்திரங்களிலும் உண்டு. வீடிழந்த தமிழரின் பெயர் சிலவற்றிலேதான் உண்டு.

இனிச் சம்பாஷணைகளுக்கு வருவோம். சீகன்பால்கு தரங்கம்பாடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் கால்நடையாகச் சென்று, சத்திரத்திலும், மரநிழலிலும், வீட்டுத் திண்ணையிலும் மக்களைச் சந்தித்தார். அவரைக் காண அவர் இல்லத்துக்கும் பலர் வந்தனர். பிராமணர், பண்டாரங்கள், வணிகர், வைத்தியர், கடற்கரைப் பக்கத்து முகம்மதியர் எனப் பல திறத்தாரும் அவரோடு உரையாடினர். இவ்வுரையாடல்களை அவர் வீடு திரும்பியதும் எழுதி வைத்தார். அவை ஹாலேக்கு அனுப்பப்பட்டு அச்சேறின. அவற்றுள் 34 சம்பாஷணைகளை பிலிப்ஸ் என்பவர் ஆங்கிலத்திற் பெயர்த்து, 1719ஆம் ஆண்டில் லண்டன் நகரத்தில் வெளியிட்டனர்.

அவற்றைப் படிப்பார் ஒன்றைக் கவனிக்கலாம். எழுதியவர் சீகன்பால்கே, ஆதலின் இறுதிச் சொல் பெரும்பாலும் அவருடையதாகவே இருக்கும். நடுநிலை என்று நாம் சொல்லத்துணியோம். ஆயினும் எதிர்நின்று பேசுவோர் பொம்மைகளல்லர். கடவுள் ஒருவரே, அவரை அடையும் வழிகள் பல என்பர் சிலர். உங்கள் வேதம் நன்றாயிருக்கலாம், உங்கள் மக்களின் நடக்கை அதனோடு பொருந்தக் காணோமே என்பர் சிலர். முன்னோர் சென்ற நெறியை ஓர் அந்நியன் சொல்லுக்காக விடுவதெங்ஙனம் எனக் கேட்பாரும் உண்டு. இவ்வினாக்களுட் பல, விடையால் அடங்கிப்போகாமல் படிப்போர் மனத்திலே நின்றுவிடுகின்றன. எதிரியின் வலுவான வாதத்தை விட்டுவிட்டு மெலிந்ததை மட்டும் எழுதும் வழக்கம் எக்காலத்தும் உண்டு. சீகன்பால்கு அதனைச் செய்யவில்லை; தமக்குத் தொல்லை தந்த வினாவையும் எழுதினார். நம் தர்க்க சங்கச் செயலாளர்கள் கூட்டக் குறிப்பெழுதும்போது இதனை ஒருமுறை நினைந்தால் நலம்.

நேரிற் பேசும்போது இருவர்க்கும் ஓர் இடையூறு உண்டு. எதிரே நிற்பவன் முகத்தைப் பார்த்துப் பேசுகின்றோம். தோற்றுவிடக்கூடாதென்னும் எண்ணம் அறிவை மறைக்கின்றது. இதனை சீகன்பால்கும், 1709ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த குருண்ட்லர் என்னும் உடனூழியரும் உணர்ந்தனர் போலும். 1712ஆம் ஆண்டில் அவர்கள் வேறொரு முறையைத் தொடங்கினர். கற்ற தமிழர்களுக்கு வினாக்களை எழுதி அனுப்பினர். அவர்கள் ஓய்வாகச் சிந்தித்து ஓலையில் மறுமொழி எழுதினர். அம்மறுமொழிகள் ஜெர்மன் பாஷையிற் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவுக்குச் சென்றன. மிஷனெரிமாருக்கு மாறுபாடு இருப்பின் அதனைப் பெரும்பாலும் கடிதத்தினுள் நுழையாமல் அடிக்குறிப்பாக எழுதினர். மேலே தமிழர் பேச்சு, கீழே மிஷனெரியின் பேச்சு. இரண்டையும் பிரிப்பதற்கு நடுவே ஒரு கோடு. அக்கோட்டினையே நாம் இவருடைய அரிய கண்டுபிடிப்பெனக் கொள்வோம். ஒருவன் கூற்று முடியுமுன் நம் மறுப்பைக் கலவாதிருக்கும் ஒழுக்கம், அக்கோட்டிலே கண்ணுக்குத் தோன்றுகின்றது.

இவ்வாறு வந்த கடிதங்கள் 99. அவற்றுள் 55 கடிதங்கள் 1714ஆம் ஆண்டிலும், எஞ்சிய 44 கடிதங்கள் 1717ஆம் ஆண்டிலும் ஹாலேயில் அச்சிடப்பட்டன. கேட்கப்பட்ட வினாக்கள் மதத்தைப்பற்றியன மட்டுமல்ல. கடவுள், பாவம், மறுபிறப்பு என்பவற்றோடு, பிள்ளைகளுக்குக் கல்வி கற்பிக்கும் முறை, திருமணச் சடங்கு, வைத்தியம், சோதிடம், பயிர்த்தொழில், வாணிகம், வழக்குத் தீர்க்கும் வகை முதலிய பலவும் வினவப்பட்டன. ஒரு நாட்டின் வாழ்க்கையை அந்நாட்டாரே எழுதிச் சொல்லும்படி ஓர் ஐரோப்பியர் கேட்டு வாங்கிய நூல் அதற்கு முன் இருந்ததாக நாம் அறியோம்.

கேட்டவற்றுள் ஒரு வினா மிகத் துணிவானது. தமிழர்கள் கிறிஸ்தவர்களை இகழ்வது ஏன் என்பதே அது. கேட்டவர்கள் கிறிஸ்தவர்கள், மறுமொழியை வாசிக்கப் போகின்றவர்களும் கிறிஸ்தவர்கள். வந்த மறுமொழி ஒளிவு மறைவற்றது. நீங்கள் பசுவைக் கொன்று தின்கின்றீர்கள். மது உண்டு மயங்குகின்றீர்கள். உடற்றூய்மையைப் பேணும் நியமங்கள் உங்களிடம் இல்லை. உங்கள் வேதம் கற்பிப்பது ஒன்று, நீங்கள் செய்வது மற்றொன்று, என்னும் கருத்துப்பட அது சென்றது. ஐரோப்பியர் தமிழரை அநாகரிகர் என்று எண்ணியிருக்க, தமிழரோ அதே சொல்லைத் திருப்பி ஐரோப்பியர்மீது வைத்திருந்தனர். இரு திறத்தாரும் ஒருவரையொருவர் அழுக்கர் எனக் கருதி அருகருகே வாழ்ந்தனர் என்பது, கேட்ட பின்னரே தெரிய வந்தது. இம்மறுமொழியைக் கிழித்தெறியாமல் ஜெர்மனியிலுள்ள பக்தியுள்ள குடும்பங்கள் படிக்கும்படி அச்சிட அனுப்பினர்; மிஷனுக்குப் பொருளுதவி செய்தவர்களும் அவர்களே.

வேறு சில மறுமொழிகள் மென்மையானவை. எம்மதத்தானாயினும் நற்கருமம் புரிபவன் நற்கதி அடைவான் என்னும் கொள்கை அவற்றிற் பயின்று வருகின்றது. சீகன்பால்கு இதனை ஒப்பவில்லை. ஒப்பாமையை அடிக்குறிப்பிற் சொன்னார். ஆனால் அக்கொள்கை அவர் கைவழியாகவே ஐரோப்பா சென்றது.

இங்கே ஒரு தடையை நாமே எழுப்பிக்கொள்ள வேண்டும். மனமாற்றம் செய்வதற்கென்றே வந்த ஒருவர் நடத்தியதைச் சம்பாஷணை என்று சொல்லலாமா? முடிவை முன்னரே கைக்கொண்டு வந்தவர் எங்ஙனம் உண்மையாகக் கேட்பார்? இத்தடை வலியது. சீகன்பால்கு தம் நோக்கத்தை ஒருநாளும் மறைத்தவரல்லர், விட்டவருமல்லர். வினாவை எழுதும் உரிமையும் அவரிடமே இருந்தது. தமிழர் வினவ அவர் ஓலையில் விடையெழுதும் முறை அதற்கு ஒப்ப நடைபெறவில்லை. மேலும், கடிதம் எழுதியோர் எழுத்தறிந்தவர். தோல் பதனிட்டவரும், வயலில் உழைத்தவரும், பெண்டிரும் அவ்வேடுகளிற் பேசவில்லை. அவர்களைப்பற்றிப் பிறர் பேசினர். தோற்றொழிலாற் பிழைக்கும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய ஊர்களின் பிள்ளைகள் நம்மிடையே படிக்கின்றனர். அவர்களுக்கு இக்குறையை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. இவ்வளவும் ஒப்புக்கொண்ட பின்னும் ஒன்று எஞ்சி நிற்கின்றது. கொள்கையில் உறுதியுடையவன் கேட்கவியலாது என்பது உண்மையன்று. கொள்கையே இல்லாதவன் கேட்பதில் என்ன அருமை? தன் கொள்கைக்கு இடுக்கண் விளைக்கும் சொல்லை முழுதும் கேட்டு, சிதையாமற் பதிந்து, மூன்றாமவரிடம் சேர்ப்பவனே கேட்டவன் ஆவான்.

பிற்காலத்தே இக்கலையை வேறொரு வகையில் வளர்த்தோரும் உண்டு. முன்னாளில் ஆர்க்காட்டு மிஷன் நிலையங்களுள் ஒன்றாயிருந்த மதனப்பள்ளியிலே 1895ஆம் ஆண்டு பிறந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. அவரோடு பல்லாண்டு உரையாடிய டேவிட் பாம் என்னும் பௌதிக சாஸ்திரி, இருபது முதல் நாற்பது பேர் வரை வட்டமாக அமர்ந்து, முடிவு காண வேண்டும் என்னும் கட்டாயமின்றி, தத்தம் முற்கருத்துக்களை ஏற்காமலும் தள்ளாமலும் முன்னே நிறுத்திப் பார்த்துச் சேர்ந்து சிந்திக்கும் முறையொன்றை வகுத்தார். அங்கே வெல்பவரும் இல்லை, தோற்பவரும் இல்லை. சீகன்பால்கு அம்முறையை ஒப்பியிரார். ஆயினும் கோட்டுக்கு மேலும் கீழும் இரு குரலைத் தனித்தனி நிறுத்திய அவர் செயல், அவ்வட்டத்திலிருந்து மிகத் தொலைவில் இல்லை என்பது நம் கருத்து.

தமிழர் சொல்லை அவர் கேட்டார். அவர் சொல்லை அவர் தேசத்தார் கேட்டனரா என்பதே அடுத்த வினா. 1711ஆம் ஆண்டில் தமிழரின் சமயத்தைப்பற்றி ஒரு பெருநூல் எழுதினார். 1713ஆம் ஆண்டில், தென்னிந்தியத் தெய்வங்களின் வமிசாவளியை மற்றொரு நூலாகத் தொகுத்தார். தமிழர் எழுதிய கடிதங்களே அதற்குப் பெரிதும் ஆதாரம். ஹாலேயிலிருந்து அவருடைய ஆசிரியர் பிராங்கே, மிஷனெரிமார் அனுப்பப்பட்டது அந்நிய மதத்தை வேரறுப்பதற்கேயன்றி, அதன் கட்டுக்கதைகளை ஐரோப்பாவிற் பரப்புவதற்கன்று என்னும் கருத்துப்பட மறுத்துவிட்டார். இரு நூல்களும் அச்சேறாமல் ஒதுக்கப்பட்டன. பல்லாண்டு செவியால் ஈட்டிய பொருள் அலமாரியிற் பூட்டப்பட்டது.

ஏனைய செயல்களைச் சுருங்கச் சொல்வோம். 1707ஆம் ஆண்டிலேயே பள்ளிகள் தொடங்கினார். பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி வைத்தார். இங்கிலாந்திலிருந்து அச்சியந்திரமும், ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துக்களும் வந்தன. புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சாயிற்று. 1714ஆம் ஆண்டின் இறுதியில் ஐரோப்பாவுக்குச் சென்று, தமிழ் இலக்கண நூலொன்றை லத்தீன் பாஷையில் 1716ஆம் ஆண்டு ஹாலேயில் வெளியிட்டு, மரியா டொரத்தேயா என்னும் மாதரசியை மணந்து, அவ்வாண்டிலேயே திரும்பினார். 1718ஆம் ஆண்டு புதிய எருசலேம் ஆலயம் கட்டி முடிந்தது. அழகப்பனும் மீண்டும் மிஷனெரிமாரிடம் ஊழியஞ் செய்தார்.

இறுதி ஆண்டுகள் துயரமுடையன. கோப்பன்ஹேகன் நகரத்து மிஷன் சபையின் காரியதரிசியாகிய வெண்ட் என்பவர், மிஷனெரிமார் ஆலயமும் பள்ளியும் கட்டிப் பொருளைச் செலவிடலாகாதென்றும், அப்போஸ்தலரைப் போல் கைப்பொருளின்றி ஊர் ஊராய்த் திரிய வேண்டுமென்றும் கடுமையான நிருபங்கள் விடுத்தார். தரங்கம்பாடியை அவர் கண்டதில்லை. கடல் கடந்து கடிதம் வந்து சேர மாதங்கள் பல செல்லும். மறுமொழி சென்று சேர அவ்வாறே. விளக்கம் சேருமுன் அடுத்த கண்டனம் புறப்பட்டுவிடும். தமிழரோடு நடத்திய கடிதப் போக்குவரவிலே எது உயிராயிருந்ததோ, அஃது இக்கடிதங்களில் இல்லை. அங்கே வினா இருந்தது, இங்கே கட்டளையே இருந்தது. முன்னமே நலிந்திருந்த சீகன்பால்கின் உடல் மேலும் தளர்ந்தது. 1719ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 23ஆம் தேதி, தமது 36ஆம் வயதில் அவர் காலமானார். தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். குருண்ட்லரும் மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில் இறந்தார்.

இனி, முன் கூறிய தேதியை நினைவுகூர்வோம். சீகன்பால்கு கரையிறங்கிய 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதிக்குச் சரியாக நூறாண்டும் ஒரு நாளும் கழித்து, 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி விடியுமுன், நம் வேலூர்க் கோட்டையிற் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அதன் காரணங்கள் பல. திப்பு சுல்தானின் மைந்தர்கள் அக்கோட்டையிலே வைக்கப்பட்டிருந்ததும் ஒன்று. ஆயினும் தீ மூண்டது உடைபற்றிய ஓர் உத்தரவினாலேயாம். அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடி கூடாது. தோற்பட்டை பதித்த புதிய தலைப்பாகை அணிதல் வேண்டும் என்று சென்னைச் சேனைத் தலைமை விதித்தது. தோலையே வாணிகமாகக் கொண்ட இப்பகுதியில் வாழும் நமக்கு அத்தோற்பட்டையின் பொருள் எளிதில் விளங்கும். ஒருவனுக்குப் பிழைப்பாயிருக்கும் அதே தோல், பசுவினுடையதோ பன்றியினுடையதோ என்னும் ஐயம் எழுந்தவுடன் மற்றொருவன் தலைமேல் அவமானமாகிவிடும்.

சிப்பாய்கள் முதலிற் சொல்லிப் பார்த்தனர். அவ்வாண்டு மே மாதத்திலே மறுத்து நின்றவர்களுக்குக் கிடைத்த விடை கசையடி. இருவருக்குத் தலைக்கு 900 அடி விதிக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்னும் சிப்பாய், சதி ஒன்று உருவாகின்றதென்று தம் ஆங்கிலத் தலைவரிடமே சென்று முறையிட்டார். தலைவரோ அதனை ஆராயும்படி சுதேச அதிகாரிகளிடம் விட்டார், அவர்கள் அது பொய்யென்றனர், சொன்னவரே விலங்கிடப்பட்டார். பின்பு நிகழ்ந்ததை இவ்வூரார் அறிவர். நூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு விரைந்து வந்தபின், சிப்பாய்கள் பன்னூற்றுவர் கொல்லப்பட்டனர். உடை உத்தரவு நீக்கப்பட்டது. கவர்னர் பெண்டிங்கு பிரபுவும் சேனாதிபதி கிரடாக்கும் சீமைக்குத் திருப்பி அழைக்கப்பட்டனர். சீமையிலோ ஒரு சாரார் குற்றத்தை மிஷனெரிமார் தலையில் ஏற்றிப் பிரசுரங்கள் எழுதினர்.

பசுவும் தோலும் தூய்மையும் இந்நாட்டார் உள்ளத்தில் எத்துணை ஆழமாக ஊன்றியுள்ளன என்பதைத் தமிழரே எழுதிக்கொடுத்த மறுமொழிகள், அப்பொழுது அச்சேறித் தொண்ணூறாண்டுக்கு மேலாகியிருந்தன. சம்பாஷணைகளின் ஆங்கிலப் பெயர்ப்பும் லண்டனிற் கிடைக்கக்கூடியதாகவே இருந்தது. உத்தரவெழுதியவர் கையில் அவை இருந்திருப்பின் வேலூரிற் குருதி சிந்தியிராது என்று நாம் சொல்ல வரவில்லை. அரசியற் பகையை ஒரு நூல் ஆற்றிவிடாது. ஆனால் ஓர் உத்தரவைப் பிறப்பிக்குமுன் அதனை அணியப்போகின்றவனை ஒருமுறை வினவுவது எத்துணை எளிது என்பதை, வாணிகக் கம்பெனியார் துன்புறுத்திய ஓர் இளைஞர் நூறாண்டுக்கு முன்னமே இந்நாட்டிற் செய்து காட்டியிருந்தார்.

அவருடைய தெய்வ வமிசாவளி, 1867ஆம் ஆண்டில் ஜெர்மன் என்னும் பெயரினராகிய ஒரு ஜெர்மானியரால் சென்னையிலே அச்சிடப்பட்டது; எழுதி முடிந்த 154 ஆண்டுகளுக்குப் பின் என்க. 1869ஆம் ஆண்டில் அதன் ஆங்கிலப் பெயர்ப்பும் அங்கேயே வெளிவந்தது. 1711ஆம் ஆண்டின் பெருநூல் 1926ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒளி கண்டது. 99 கடிதங்களையோ பிற்கால ஆராய்ச்சியாளர் மீண்டும் துருவிப் பார்த்தனர். அச்சேறிய நூலில் மறுமொழி எழுதிய தமிழர் எவருடைய பெயரும் இல்லை. நடையையும் செய்திகளையும் ஒப்புநோக்கியோர், அவற்றுட் பெரும்பகுதியை எழுதியவர் பழைய துபாஷி அழகப்பனாகவே இருத்தல் கூடும் என்று கருதுகின்றனர்.